கல் பிளக்கிறவன் கையெழுத்து

மத்துரேன் கெவெலுக்கு முப்பத்தொரு வயது வரை எழுதத் தெரிந்தது ஒரு சிலுவைக் குறி மட்டும்தான். அதையும் அவன் தனியாகப் போட்டது கிடையாது. பிரான்ஸில் திரெலாஸே என்ற ஊரின் குவாரியில் வருஷா வருஷம் ஆள் பதிவு நடக்கும். குமாஸ்தா ஒவ்வொருத்தன் கையையும் பிடித்து, பேனாவை விரலிடுக்கில் செருகி, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் "அடுத்தவன்" என்பார். கை நம்முடையது, குறி அவருடையது. அந்தக் குவாரியில் பிளக்கிற கல்லைத்தான் பிள்ளைகள் சிலேட்டு என்று மடியில் வைத்துக்கொண்டு எழுதிப் பழகுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சிலேட்டு பிளந்து கொடுத்தவனுக்கு ஒரு எழுத்து தெரியாது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அப்பன் பிரெத்தாஞ் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பாறை சரிந்து போய்ச் சேர்ந்தார். அப்போது மத்துரேனுக்குப் பதினோரு வயது. வீட்டு வாசலிலிருந்து இடது பக்கம் பள்ளிக்கூடம், வலது பக்கம் குவாரி. அன்றைக்கு வலது பக்கம் திரும்பியவன்தான். காலில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு, காற்றுத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, தொடை மேல் கல்லைச் சாய்த்து வைத்துப் பிளக்கப் பழகினான். ஈரம் காயும் முன்னே பிளந்துவிட வேண்டும். காய்ந்த கல் யார் பேச்சையும் கேட்காது. ஓரத்திலிருந்து சீவினால் உடையும். நட்ட நடுவில் உளியை வை, இரண்டாக்கு. அந்தப் பாதியைப் பாதியாக்கு. வேலை அவ்வளவுதான். ஆனால் அது கைக்கு வர ஐந்து வருஷம் ஆகும்.

அவன் மனைவி பெர்ரினுக்குத் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். தீப்பெட்டி செய்கிறவள் வாயிலும் கொஞ்சம் மருந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும், அதை மறக்கவும் விடமாட்டாள். "யோவ், பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்க" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போதுதான் சொல்வாள்.

சைக்கிள் வந்தது வேலைநிறுத்தத்தால். குவாரிகள் எல்லாம் ஒரே நாளில் உளியைக் கீழே வைக்க வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. தபாலாபீசை நம்ப முடியாது. தந்தி போகும் முன்னால் மேஸ்திரி காதுக்குப் போய்விடும். ரெனாஸேக் குவாரிக்கு யார் சேதி கொண்டுபோவது? யாரோ விற்க வைத்திருந்த பழைய சைக்கிளை மத்துரேன் கேட்டு வாங்கிக்கொண்டு காலை ஆறு மணிக்கு ஏறினான். போய்வர நூற்றிருபது கிலோமீட்டர். மத்தியானச் சூப் ஆறுவதற்குள் திரும்பி வந்து கோப்பையை நீட்டினான். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாயங்காலம் ரெனாஸேயில் உளிச் சத்தம் நின்றுவிட்டது என்று சேதி வந்தபிறகு எல்லோரும் வந்து அந்தச் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தார்கள்.

1911-இல் பாரிஸ் பத்திரிகை ஒன்று நாட்டைச் சுற்றி வரும் பந்தயம் அறிவித்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பெரிய பந்தயத்துக்குப் போட்டியாகத் தொடங்கியது. பதினொரு கட்டம். ஒரு கட்டத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. இடையிடையே ஓய்வு நாள், ஆக மொத்தம் ஏறக்குறைய ஒரு மாதம். பெர்ரின் அதைச் சத்தமாகப் படித்தாள். சைக்கிள் கம்பெனிக்காரர்கள் ஒரு வகை. அவர்களுக்கு மேலாளர், சூடான குளியல், கால் பிடித்துவிட ஆள். தனியாட்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு அவர்களே கதி. டயர் வெடித்தால் தானே ஒட்ட வேண்டும், கம்பி உடைந்தால் தானே கட்ட வேண்டும். சாலையில் இறங்கிவிட்டால் இரண்டு வகையாரும் யாரிடமும் எந்த உதவியும் வாங்கக் கூடாது. புறப்பட்ட சைக்கிளிலேயே வந்து சேர வேண்டும். அதற்காகச் சைக்கிள் சட்டத்தில் ஈய முத்திரை அடித்துவிடுவார்கள். வழியில் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கித் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும்.

"இதுல முந்நூறு கிலோமீட்டர் பெரிசில்ல உனக்கு," என்றாள் பெர்ரின். "கடைசி வரிதான் பெரிசு."

அன்றைக்கே ஒரு சிலேட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் பிளந்த சிலேட்டு. "முதல் எழுத்து 'எம்', ரெண்டு மலை. ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. போடு." ஆறு வாரம் போட்டான். குச்சி மேல் குச்சி நொறுங்கியது. எத்தனை வருஷமாகக் கல்லைப் பிளக்கிற கை, குச்சியை உளி மாதிரி பிடித்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வாயைத் திறக்காமல், கையைத் தொடாமல், அவன் பெயர் சிலேட்டில் வந்து நின்றது. கொஞ்சம் கோணல். பெர்ரின் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மலை ரெண்டும் சாஞ்சிருக்கு," என்றாள்.

மேஸ்திரி ஷொலேயிடம் ஒரு மாதம் விடுப்புக் கேட்டான். ஷொலே நல்லவர் இல்லை, கெட்டவரும் இல்லை, மேஸ்திரி.

"ஒரு மாசமா? உன் எடத்துல உக்கார வாசல்ல பத்துப் பேர் நிக்கிறான் தெரியுமா?"

"நிக்கட்டும். நான் வந்ததும் எந்திரிச்சுக்கட்டும்."

பின்னால் சிரிப்பு எழுந்தது. ஷொலேயின் காது சிவந்தது. "அப்படியா சேதி? சரி, நாலு பேர் முன்னால சொல்றேன், கேட்டுக்க. பந்தயம் முடிஞ்ச மறுநாள் பத்திரிகையில உன் பேரு இருக்கணும். இருந்தா உன் எடம் உனக்கு, நானே ஆளைக் கிளப்பி விடுறேன். இல்லேன்னா இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது."

"கைய வச்சுச் சொல்லுங்க."

"வச்சேன் போ," என்று ஷொலே கல் மேல் கையை வைத்தார். பத்திரிகை தினமும் முதல் இருபது பேரைத்தான் போடும், தனியாட்கள் 'இன்னும் பலர்' என்ற இரண்டு வார்த்தைக்குள் கிடப்பார்கள், கடைசி நாள்தான் முடித்தவர்களின் முழுப் பட்டியல் வரும் என்பது அவருக்குத் தெரியும். பட்டியலில் வருவதென்றால் முடித்தாக வேண்டும். கல் பிளக்கிறவனாவது முடிக்கிறதாவது என்று நினைத்தார்.

ஆறு கட்டம் முடித்தான். நூற்றுப்பத்துப் பேர் புறப்பட்டதில் அறுபத்திரண்டு பேர் மிச்சம், இவன் நாற்பத்தோராவது. தோளில் இரண்டு டயர், பையில் ரொட்டி, டயரைக் கழற்ற ஒரு பழைய பிளப்பு உளி. மற்றவர்கள் அதற்கென்று நெம்புகோல் வாங்கி வைத்திருந்தார்கள். இவனுக்கு உளி இல்லாமல் கை நிர்வாணமாக இருப்பது போல் இருக்கும். வழியில் ஒரு கூட்டாளி கிடைத்தான். லில் ஊர் ரொட்டிக்காரன், பெயர் ஒதிலோன். வாய் ஓயாது. "கெவெல், உன் வண்டி சத்தம் போடுதா, முழங்காலா?" என்பான். பத்து கிலோமீட்டர் கழித்து, "முழங்கால்தான். வண்டி இவ்வளவு மோசமா முனகாது," என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வான்.

ஏழாவது கட்டம் பிரெனே மலைகள். ஜூலை மாதம் என்று பெயர். மேலே பனி கலந்த மழை. ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் எல்லோரும் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். ஒரு பக்கம் ஏற்றத்துக்குப் பெரிய பல்சக்கரம், மறுபக்கம் சமதளத்துக்குச் சின்னது. உச்சியில் மறுபடி இறங்கித் திருப்பி மாட்ட வேண்டும். மத்துரேன் ஆஸ்பேன் கணவாய் உச்சிக்குப் பாதி மிதித்து, பாதி தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். மலையையும் கல்லைப் போலத்தான் வகுத்துக்கொண்டான். அந்த மரம் வரை பாதி. அந்த மரத்திலிருந்து அந்தப் பாறை வரை பாதியில் பாதி.

உச்சியில் திருகைத் திருக விரல் வரவில்லை. பத்து விரலும் பத்துக் கட்டை. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வீரன் ஒருவன் அருகில் நின்றான். அவன் மேலாளரின் மோட்டார் கார் வந்தது. உள்ளிருந்து மழைக்கோட்டு வந்தது, கம்பளிக் கையுறை வந்தது, ஒரு மிடறு பிராந்தியும் வந்தது. பின்னால் இன்னொரு காரில் பந்தயக் கண்காணிப்பாளர் முசியே சவார். அவர் அப்போது பள்ளத்தாக்கின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனியில் பள்ளத்தாக்கே தெரியவில்லை, என்ன அழகைப் பார்த்தாரோ! மத்துரேன் குதிகாலால் உதைத்து உதைத்துத் திருகைத் தளர்த்தினான். பல்லால் கடித்து இறுக்கினான். ஒரு பல் முனை போயிற்று. சக்கரம் மாட்டியாகிவிட்டது.

அடிவாரத்தில் அர்ரோ என்ற ஊர். அங்கே கிராசியெட் என்ற விதவையின் சாப்பாட்டுக் கடைதான் சாவடி. மேசை மேல் தாள், தாள் மேல் பென்சில், மேசைக்குப் பின்னால் முசியே சவார், முன்னால் அவருடைய சூப். மத்துரேன் உள்ளே வந்து பென்சிலை எடுத்தான். விழுந்தது. எடுத்தான். விழுந்தது. மூன்றாவது முறை மேசைக்கடியில் உருண்டு போயிற்று.

கிராசியெட் அம்மாள் பெரிய உடம்புக்காரி. கையில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து பென்சிலை எடுத்து அவன் விரலுக்குள் வைத்து, தன் இரண்டு உள்ளங்கையாலும் அவன் முட்டியை மூடிக்கொண்டாள். "ஐயோ, மீன் மாதிரி சில்லுனு இருக்கே! நில்லு தம்பி, கொஞ்சம் சூடு ஏறட்டும்." பத்து எண்ணுகிற நேரம். பிறகு கையை எடுத்துவிட்டாள். மத்துரேன் இரண்டு மலையை ஏறி இறங்கினான், மீதி எழுத்துகளையும் போட்டு முடித்தான்.

முசியே சவார் கரண்டியை வைத்தார். "அந்நிய உதவி. இருபத்திரண்டாம் விதி. உங்கள் பெயர் நீக்கப்படுகிறது."

"எது உதவி முசியே?"

"இந்தப் பெண்மணி கையெழுத்துப் போட உதவினார்."

"நான் எங்க போட்டேன்?" கிராசியெட்டின் குரல் எழும்பியது. "எனக்கு இந்தத் தம்பி பேரே தெரியாது! நான் எப்படிய்யா போடுவேன்?"

"கையைத் தொட்டீர்கள்."

"தொட்டேன். இப்பத்தான் உங்க கையையும் தொட்டேன், சூப்பு கொடுக்கும்போது. உங்க பேரையும் நீக்கிடுங்க."

கடையில் இருந்த ஆட்டிடையர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சிரித்தது தப்பாகப் போயிற்று. சிரிப்புக்கு ஆளான அதிகாரி விதியை விடமாட்டான். அவர் எழுந்து வெளியே போனார். கையிலிருந்த இடுக்கியால் மத்துரேனின் சைக்கிளில் தொங்கிய ஈய முத்திரையை வெட்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்போதுதான் வந்து இறங்கிய ஒதிலோன் அதைப் பார்த்துத் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மத்துரேன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான். இருபது வருஷம் குமாஸ்தா கையைப் பிடித்து இழுத்தபோது அது பதிவு. ஒரு பொம்பளை பாவம் பார்த்துச் சூடு கொடுத்தால் அது குற்றம். மேஸ்திரி ஷொலேயின் முகம் நினைவுக்கு வந்தது. வாசலில் நிற்கிற பத்துப் பேரும் நினைவுக்கு வந்தார்கள். பட்டியல் போயிற்று, இடமும் போயிற்று. வயிறு எரிந்தது. எரிந்ததில் விரலுக்குக்கூடச் சூடு வந்துவிட்டது.

"அம்மா, ஒரு நோட்டு இருக்குமா?"

அவள் மகளின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். மத்துரேன் அதை, உள்ளே திரும்பி வந்து உட்கார்ந்த முசியே சவார் காதில் விழும்படி மேசையில் அறைந்து வைத்தான். "அவங்க தாள்ல நான் கையெழுத்துப் போடக் கூடாதாம். அப்போ நீங்க என் தாள்ல போடுங்க. கெவெல் இந்த மணிக்கு வந்தான், இந்த மணிக்குப் போனான்னு. பாரிஸ் வரைக்கும் போறேன்."

"நீங்கள் பந்தயத்தில் இல்லை," என்றார் சவார்.

"ரோட்டுல இருக்கேன்ல? ரோட்டையும் வெட்டிப் பையில போட்டுக்கங்க பாப்போம்."

கிராசியெட் முதல் ஆளாக எழுதிக் கையெழுத்திட்டாள். நீளமாக ஏதோ எழுதினாள். என்னவென்று அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நான்கு கட்டம். கூட்டம் கிளம்பிப் போனபிறகு அதே கோட்டிலிருந்து கிளம்புவான். யோசித்துப் பார்த்தால் இப்போது அவனுக்கு எந்த விதியும் இல்லை. யார் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடலாம், வேறு வண்டி கிடைத்தால் ஏறலாம், ரயிலில்கூடப் போகலாம். மனுஷன் ஒன்றையும் தொடவில்லையே! தண்ணீர் வேண்டுமா, தெருக் குழாயில் தானே பிடிப்பான். யாராவது ஆப்பிளை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். தூலூஸ் தாண்டி சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை விரிசல் விட்டது. கொல்லன் ஒருவன் பட்டறை வாசலில் நின்று, "ஏம்ப்பா, நீ பந்தயத்துலயே இல்லைங்கிறாங்க, கொடு, அஞ்சு நிமிஷத்துல ஒட்டித் தர்றேன்," என்று கெஞ்சினான். இவன் கம்பியும் தோல்வாரும் வைத்துத் தானே கட்டினான். இரண்டு மணி நேரம் போயிற்று. கொல்லன் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் நோட்டில் கையெழுத்துப் போட்டான்.

நோட்டு நிறைந்தது. ரொட்டிக்காரர்கள், ரயில்வே கேட்டுக்காரி, ஒரு பாதிரியார், துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள். ஒரு போலீஸ்காரன் முதலில், "நான் அரசாங்க ஆள், கண்ட நோட்டுல போட முடியாது," என்றான். "அப்போ நான் இங்க வரவேயில்லைன்னு எழுதிக் கொடுங்க," என்றான் மத்துரேன். போலீஸ்காரன் தலையைச் சொறிந்துகொண்டு வந்ததாகவே எழுதிக் கொடுத்தான். ஒன்பதாம் கட்டத்துக்குள் சேதி அவனுக்கு முன்னால் ஓடிவிட்டது. முதல் ஆள் போனதும் வீட்டுக்குப் போய்விடுகிற ஜனங்கள், 'நோட்டுக்காரன் இன்னும் வரலை' என்று சாலையோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முசியே சவார் சாவடிகளில் சூப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பப் பழகிக்கொண்டார்.

கடைசி நாள், பாரிஸ். சைக்கிள் மைதானத்தின் வாயில் இரும்புக் கதவு, இரண்டு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தூண். உள்ளே வாத்தியம் முழங்கியது. வந்த ஒவ்வொருத்தனுக்கும் கதவு திறந்தது. ஒதிலோன் முப்பத்திரண்டாவதாக உள்ளே போனான். எல்லோரும் போனபிறகு, ஒரு மணி நேரம் கழித்து, தோல்வார் கட்டிய கவையோடு மத்துரேன் வந்தான். கதவு மூடியிருந்தது. வெளியே ஜனம் கூடியிருந்தது. "திற! திற!" என்று கத்தினார்கள். கதவு திறக்கவில்லை. பக்கத்துச் சின்னக் கதவு வழியாக முசியே சவார் வந்தார்; பின்னால், கழுத்தில் மாலையும் முகமெல்லாம் சேறுமாக ஒதிலோன்.

சவார் குரலைத் தாழ்த்தினார். பத்திரிகைக்கு இந்தச் சத்தம் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "முசியே கெவெல், பெருந்தன்மையாக நடந்துகொள்ள முடிவு செய்திருக்கிறோம். இதில் ஒரு கையெழுத்து. நாளைய பட்டியலில் கடைசிப் பெயராக உங்கள் பெயர் வரும்."

பட்டியல்! அந்தச் சொல்லைக் கேட்டதும் மத்துரேனுக்கு எல்லாம் கண் முன்னால் வந்தது. இடம், காற்றுத் தட்டி, பெர்ரின், பிள்ளைகள் இரண்டும். தாளை வாங்கினான். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ஒதிலோனிடம் நீட்டினான். "படி."

ஒதிலோன் படித்தான். படிக்கப் படிக்க அவன் குரல் சுருங்கியது. "'அர்ரோ சாவடியில் என்னால் கையெழுத்திட இயலாததால், கடைக்காரப் பெண் என் கையைப் பிடித்து எழுதினார். இது எங்கள் இருவரின் குற்றம். மன்னிப்புக் கோருகிறேன்.'"

"இன்னொரு தரம் படி."

படித்தான்.

"ஒதிலோன், நீ என்ன சொல்ற?"

"போட்டுத் தொலைடா," என்றான் ஒதிலோன். அவன் கண் கலங்கியிருந்தது. "பிள்ளைக்குட்டிக்காரன். யாரு இதைப் படிக்கப் போறா? போட்டுட்டு வீட்டுக்குப் போ."

"என் பொண்டாட்டி படிப்பா. அவளுக்குப் படிக்கத் தெரியும்." அவன் சவார் பக்கம் திரும்பினான். "நான் எழுதினதை நான் எழுதலைன்னு என்னையே எழுதச் சொல்றீங்க. எனக்குத் தெரிஞ்சதே என் பேரு ஒண்ணுதான் முசியே. அது என்னுது. உங்களுக்கு இல்ல."

தாளை நாலாக மடித்து அவர் பைக்குள்ளேயே செருகினான். சவாரின் முகம் இறுகியது. "அப்படியானால் உங்கள் பெயர் எங்கும் வராது."

"வராதா?"

மத்துரேன் பையிலிருந்து உளியை எடுத்தான். தூணருகே போனான். சுண்ணாம்புக்கல், குவாரிக் கல்லோடு ஒப்பிட்டால் வெண்ணெய். ரெண்டு மலையை ஏறி இறங்கினான். காவல்காரன் ஓடிவந்தான், ஜனம் வழிவிடவில்லை. யார் மேலோ மோதி, யாரிடமோ மன்னிப்புக் கேட்டு, யார் காலையோ மிதித்து அவன் உள்ளே நுழைவதற்குள் பெயர் முடிந்துவிட்டது. ஒரு முழ நீளம், விரற்கடை ஆழம். மலை இரண்டும் சாயவே இல்லை. போலீஸ் வந்து, "பேரு?" என்று கேட்டபோது கூட்டமே தூணைக் காட்டிச் சிரித்தது.

இரண்டு நாள் கழித்துக் குவாரி வாசலில் வந்து நின்றான். கையில் முந்தைய நாள் பத்திரிகை, பக்கத்தில் பெர்ரின். அவள் அன்றைக்குத் தொழிற்சாலைக்கு மட்டம் போட்டிருந்தாள். காற்றுத் தட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருத்தராக எழுந்து வந்தார்கள். அவன் இடத்தில் புது ஆள் உட்கார்ந்திருந்தான்.

மேஸ்திரி ஷொலே பட்டியலை ஏற்கெனவே இரண்டு தரம் பார்த்திருந்தார். "ஐம்பத்து மூணு பேரு. உன் பேரு இல்ல. கெளம்பு."

"ஆறாம் பக்கம் பாத்தீங்களா?" என்றாள் பெர்ரின்.

"ஆறாம் பக்கத்துல என்ன?"

அவள் பத்திரிகையைப் பிரித்தாள். குவாரி முழுக்கக் கேட்கிற குரலில் படித்தாள். "'மைதானத்தின் வாயில் தூணை உளியால் சேதப்படுத்திய குற்றத்துக்காக, திரெலாஸே ஊரைச் சேர்ந்த கல் பிளக்கும் தொழிலாளி மத்துரேன் கெவெல் மீது நம் பத்திரிகை நிர்வாகம் புகார் அளித்துள்ளது.'"

பெர்ரின் பத்திரிகையை மடித்தாள். அப்புறம் யாரோ சுத்தியலால் கல்லைத் தட்டினான். இன்னொருத்தன் தட்டினான். குவாரி முழுக்க அந்தச் சத்தம்.

"இது… இது குற்றவாளிப் பட்டியல்!" என்றார் ஷொலே.

"பந்தயம் முடிஞ்ச மறுநாள், பத்திரிகையில, பேரு. நீங்க சொன்னது அதுதான மேஸ்திரி? கல் மேல கைய வச்சுச் சொன்னீங்க. எத்தனாம் பக்கம்னு சொல்லலையே," என்றான் மத்துரேன்.

ஷொலே சுற்றிலும் பார்த்தார். நாற்பது பேர், நாற்பது சுத்தியல். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, புது ஆளைப் பார்த்து, "எந்திரி. உன்னைக் கிழக்குப் பள்ளத்துல போடுறேன்," என்றார். சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார் என்று சிலர் சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை.

நோட்டைப் பெர்ரின் வீட்டில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டினாள். கிராசியெட் எழுதியிருந்தது: 'என் கை அவன் கை மேல் பட்டது. எழுதியது அவன். இதைச் சொல்ல எந்தக் கோர்ட்டுக்கும் வருவேன், கரண்டியோடு.' கொல்லன் எழுதியது இங்கே சொல்லத் தக்கதல்ல. அதைப் படிக்கும்போது பெர்ரின் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டாள். தூணுக்கு அபராதம் போட்டார்கள். சங்கத்து ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். மத்துரேன் அதற்குப்பின் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. கேட்டால், "இன்னும் அதே பந்தயத்துலதான் இருக்கேன்," என்பான்.

ஆனால் குவாரிக்குத் திரும்பிய அந்த நாள் ஷொலேயோடு முடியவில்லை. திரும்பி வந்தவன் என்பதால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். குமாஸ்தா பெரிய புத்தகத்தைத் திறந்தார். முகத்தைப் பார்க்காமல், வழக்கப்படி பேனாவை மையில் தோய்த்து, மத்துரேனின் கையை எட்டிப் பிடித்தார்.

"கைய எடுங்க முசியே," என்றான் மத்துரேன்.

குமாஸ்தா முதல்முறையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்நிய உதவி வாங்குறதில்ல."

பேனாவை வாங்கி, சிலுவைகள் வரிசையாக நின்ற அந்தப் பக்கத்தில், தன் பெயரை எழுதினான்.